சாதி பேசாத இளையோர் பணி யாருக்கான பணி?

வடசென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் திருவிழா யாருடைய உழைப்பில் நடக்கிறது என்று கேளுங்கள். எந்தப் பங்குத்தந்தையும் தயங்காமல் சொல்வார்: "நம்ம யூத் பசங்கதான்." கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, சீரியல் லைட் கட்டுவது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வருவது, தேர் தூக்குவது, தேர் போகும் தெருவில் மின்கம்பியைக் கழியால் உயர்த்திப் பிடிப்பது, அசனத்துக்குப் பந்தி பரிமாறுவது, மறுநாள் காலை எச்சில் இலை அள்ளுவது வரை எல்லாமே பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ள பிள்ளைகளின் வேலை. ஆனால் எந்த நாள் உபயம் யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், மேடையில் யாருக்குப் பொன்னாடை என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தப் பிள்ளைகள் இருப்பதில்லை.

வயது காரணம் என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் அப்பாக்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லையே, அதற்கு என்ன காரணம்?

நான் மாதவரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தலித் கிறிஸ்தவக் குடும்பம். வாடகைக்குத் தகுந்தபடி வடசென்னைக்குள்ளேயே நான்கு முறை வீடு மாறியதில், நான்கு பங்குகளின் இளைஞர் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பங்கு, எந்தச் சாமியார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான்கிலும் கண்டது ஒன்றுதான். போதைப்பொருள் பற்றி வகுப்பு எடுத்தார்கள். செல்போன் அடிமைத்தனம் பற்றி எடுத்தார்கள். பொதுத்தேர்வு பயம், ஆளுமை வளர்ச்சி, காதலுக்கும் இனக்கவர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் எடுத்தார்கள். சாதி பற்றி ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு மணி நேரம், எங்கேயும் எடுக்கவில்லை.

சாதியைப் பெயர் சொல்லிப் பேசாத வரை இளையோர் பணிக்குழு என்பது இளையோருக்கான பணி ஆகாது. அது பங்குக்குக் கிடைத்த கூலியில்லா வேலையாள் படை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்திருக்கிறேன்.

தாசில்தார் எடுக்கும் சாதி வகுப்பு

சாமியார் எடுக்காத வகுப்பை ஒருவர் கட்டாயம் எடுப்பார். அவர் தாசில்தார்.

பதினேழு வயதில், பிளஸ் டூ முடித்து கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கும்போது, ஒரு தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு அந்த வகுப்பு தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன், அதே சாதி, அதே தெரு, அதே அடிகுழாய். அவனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ், 18 சதவீத இட ஒதுக்கீடு. இவனுக்குப் 'பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்' என்ற பெயரில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கும் சாதிகளோடு 26.5 சதவீதத்தில் போட்டி. நாளைக்கு இவனைச் சாதிப் பெயர் சொல்லி ஒருவன் அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவனுக்குக் கிடையாது. அடிப்பவனுக்கு இவன் பறையன்தான். சட்டத்துக்கு மட்டும் இவன் வேறு ஆள்.

இந்த அநீதிக்கு ஒரு தேதி இருக்கிறது: 1950 ஆகஸ்ட் 10. அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மதத் தடையை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022-ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை அமைத்து, அதற்குக் கால நீட்டிப்பு கொடுத்துக்கொண்டு போனது.

நடைமுறையில் என்ன ஆகிறது? வடசென்னையின் எந்தச் சேரியிலும் குடியிருப்பிலும் போய்ப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயில் ஏட்டில் ஒரு பெயர். சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கர். இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள், இந்த இரட்டை வாழ்க்கையை அந்தக் குடும்பத்தின் மேல் சுமத்தியது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி என்பவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார் அவர். கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானமும், கோயிலுக்குப் போகும் பழக்கமும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம்.

இப்போது ஒரு பங்கின் இளையோர் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். "இயேசுவுக்குச் சாட்சியாக வாழுங்கள்" என்கிறார் சாமியார். முன்வரிசையில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கும் பையனின் புகைப்படம் பங்கின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறுகிறது. அவன் வீட்டில் அம்மா அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் சான்றிதழ் போய்விடும், கல்லூரி போய்விடும், வேலை போய்விடும். சாட்சியாக வாழ்வதற்கு அந்தப் பையன் கொடுக்க வேண்டிய விலை இது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆதிக்க சாதிப் பையனுக்கு அந்த விலை கிடையாது. அவன் ஞானஸ்நானம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவன் ஒதுக்கீடு பெரும்பாலும் அவனிடமே இருக்கும். ஒரே வேதம், ஒரே பீடம், ஒரே கீபோர்டு. ஆனால் நம்பிக்கையின் விலை சாதிக்குச் சாதி வேறு. இதைப் பற்றிப் பேசாமல் இளையோர் பணி என்ற பெயரில் ஆக்‌ஷன் சாங் ஆடிக்கொண்டிருப்பது என்ன நேர்மை?

"அதெல்லாம் கிராமத்துல"

இந்தக் கேள்வியைக் கேட்டால் சென்னையில் உடனே வரும் பதில்: "சாதியெல்லாம் கிராமத்துலதான். இங்க யாரு பாக்குறா?"

கிராமத்தில் இருக்கிறது என்பதையாவது ஒத்துக்கொள்கிறார்களே, நல்லது. விழுப்புரம் மாவட்டமாக அன்று இருந்த பகுதியில், இறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று அங்கே நடந்த சாதி மோதலும் துப்பாக்கிச்சூடும் இரண்டு உயிர்களைக் குடித்தன. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே பிணங்களைப் பிரிக்கச் சுவர். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் தங்களுக்கு இடமில்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனு மீது நோட்டீஸ் அனுப்பியது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் வைத்த கோயிலையே கட்டினார்கள். இவையெல்லாம் திருச்சபையின் வரலாறு. மறைக்கல்விப் புத்தகத்தில் இருக்காது.

ஆனால் சென்னை என்பது எது? அந்தக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் ஊர்தானே. மாதவரம் ரவுண்டானாவில் நின்று பாருங்கள். மணலிக்குப் போகும் டேங்கர், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர், மஞ்சம்பாக்கம் குடோன், பால் பண்ணை. இவற்றை நம்பி விழுப்புரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பங்கில் இருக்கிறார்கள். வரும்போது சாதியைக் கோயம்பேட்டில் இறக்கி வைத்துவிட்டா வந்தார்கள்? ஊர்ச் சங்கமாக, உறவின்முறையாக, 'எங்க ஊர் அன்பியமாக' கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். "தம்பி எந்த ஊரு?" என்ற கேள்விக்கு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது, எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். வடசென்னைக்காரன் எவனுக்கும் இது தெரியும்.

இந்த மண்ணின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூரில் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1921-ல், அதே பின்னி மில் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதி மோதலாக மாறியது. தொழிற்சாலை சாதியைத் தானாகக் கரைக்காது, நகரம் தானாகக் கரைக்காது என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே வடசென்னை பார்த்துவிட்டது. கோயில் மட்டும் பேசாமல் இருந்தே கரைத்துவிடுமா?

நகரத்தில் யாரும் பார்ப்பதில்லை என்பவர்களுக்கு இன்னொரு தேதி: 2024 பிப்ரவரி 24. சாதி மறுத்துத் திருமணம் செய்த பிரவீன் என்ற தலித் இளைஞரைப் பெண்ணின் அண்ணனும் கூட்டாளிகளும் வெட்டிக் கொன்றார்கள். இடம் எந்தக் குக்கிராமமும் இல்லை. சென்னை, பள்ளிக்கரணை.

பன்னிரண்டு தடைகளில் இல்லாத பதிமூன்றாவது

இளையோர் பணியில் சாதி முகம் காட்டும் இடம் கல்யாணம்தான்.

பதினாறு வயதில் ஒன்றாகப் பாடகர் குழுவில் பாடலாம். கேரல் பாட ஒரே டெம்போவில் ஏறி இரவெல்லாம் வீடு வீடாகப் போகலாம். பாடுகளின் நாடகத்தில் ஒருவன் இயேசுவாகவும் ஒருத்தி வெரோணிக்காவாகவும் நடிக்கலாம். அதே இருவர் இருபத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வந்து நின்றால், அதுவரை 'நம்ம பிள்ளைங்க' என்று கொண்டாடிய பங்கு வாயை மூடிக்கொள்கிறது. "பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் திருமணம் செய்யலாம் என்கிறது 1058-ஆம் விதி. தடைகள் எவை என்று 1083 முதல் 1094 வரை பன்னிரண்டு விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. குறைந்த வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், குருப்பட்டம், நெருங்கிய இரத்த உறவு என்று போகிறது அந்தப் பட்டியல். சாதி அதில் இல்லை. வயது வந்த இருவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதும் இல்லை. ரோமில் பன்னிரண்டு தடைகள்தான். தமிழ்நாட்டில்தான் பதிமூன்றாவது தடை எழுதாமலே அமலில் இருக்கிறது. பங்குகளும் பக்திச் சபைகளும் நடத்தும் வரன் பார்க்கும் மையங்களில் விண்ணப்பத்தை வாங்கிப் பாருங்கள். பெயர், வயது, படிப்பு, சம்பளம் வரிசையில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சாதி என்று போட வெட்கம், ஆகவே இனம்.

அந்தக் கட்டத்தின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதைக் கேரளம் 2018 மே மாதத்தில் காட்டியது. கோட்டயத்தில் கெவின் ஜோசப் என்ற தலித் கிறிஸ்தவ இளைஞரைக் காதல் திருமணத்துக்காகக் கடத்திச் சென்றார்கள். பெண்ணின் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம்தான். மறுநாள் பிணமாகக் கிடைத்தார். 2019 ஆகஸ்டில் பெண்ணின் அண்ணன் உட்படப் பத்துப் பேருக்கு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. இது ஆணவக்கொலை என்று தீர்ப்பிலேயே சொன்னது. கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே வேதப்புத்தகம். வேதம் குறுக்கே வரவில்லை.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டபோது தமிழ்நாடே பேசியது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பங்கின் இளையோர் கூட்டத்தில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டதா? 'இனக்கவர்ச்சி' வகுப்பு எடுக்க ஆள் கிடைக்கும் பங்குகளுக்கு, ஆணவக்கொலை பற்றி வகுப்பு எடுக்க மட்டும் ஆள் கிடைக்காதா? கற்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இத்தனை போதனை செய்கிறீர்கள். சாதியை மறுத்துக் காதலித்தால் உங்கள் உயிருக்கு நாங்கள் துணை நிற்போம் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறீர்களா?

போஸ்கோவும் கார்டைனும் கேட்ட கேள்வி

"கோயில்ல எதுக்கு அரசியல்?" என்று கேட்பவர்கள் தங்கள் சொந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

கத்தோலிக்க இளையோர் பணியின் தந்தை என்று யாரைச் சொல்கிறார்கள்? தொன் போஸ்கோவை. 1841-ல் இத்தாலியின் தூரின் நகரில் அவர் வேலையைத் தொடங்கியது பணக்கார வீட்டுப் பிள்ளைகளோடு இல்லை. கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் கிராமத்திலிருந்து வந்து தெருவில் கிடந்த சிறுவர்களோடு. 1850-களின் தொடக்கத்தில் அந்தப் பையன்களுக்காக முதலாளிகளிடம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட வைத்தார். வேலை என்ன, ஓய்வு எப்போது, அடிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டார். இன்று எண்ணூரிலும் மணலியிலும் ஒப்பந்தக் கூலியாகப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்காக எந்த இளையோர் பணிக்குழு ஒரு கான்ட்ராக்டரிடம் போய் நின்றிருக்கிறது? தொன் போஸ்கோ பெயரில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கேரம் போர்டும் கால்பந்துப் போட்டியும்.

அடுத்து ஜோசப் கார்டைன். பெல்ஜியத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. தான் குருமடத்துக்குப் படிக்கப் போனபோது, கூடப் படித்தவர்கள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனார்கள். விடுமுறையில் வந்தால் அவர்கள் இவரை எதிரி முகாமுக்குப் போனவனாகப் பார்த்தார்கள். அந்த வலியிலிருந்துதான் 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவானது. பார், தீர்மானி, செயல்படு என்ற மூன்று படி முறை அவர் கொடுத்தது. 1961-ல் போப் 23-ஆம் யோவான் தன் சுற்றுமடலிலேயே அந்த முறையை ஏற்றுக்கொண்டார். இன்றும் இளையோர் பயிற்சிகளில் அந்த மூன்று சொல்லும் பிளக்ஸ் பேனரில் இருக்கும். ஆனால் இந்தியாவில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சாதி. அதைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, எதைப் பார்த்து எதைத் தீர்மானிப்பது?

நம் ஊரிலும் முன்னுதாரணம் உண்டு. 1924-ல் தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பான ஐக்கஃப், 1970-ல் பூந்தமல்லியில் கூடியபோது, பக்திச் சங்கமாக இருப்பதை விட்டு ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பது என்று அறிவித்தது. மாதவரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம் பூந்தமல்லி. அந்தப் பிரகடனம் மாதவரம் வந்து சேர அரை நூற்றாண்டு போதவில்லை.

திருச்சபையின் தலைமையும் எழுத்தில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டது. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு இருப்பது நற்செய்திப் பணிக்கே தடை என்று இரண்டாம் யோவான் பவுல் முகத்துக்கு நேரே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்றும், தலைமைப் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவு என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டது. 2019-ல் போப் பிரான்சிஸ் இளைஞர்களுக்கென்றே எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலில், இளையோர் பணியின் முகவர்கள் இளைஞர்களே என்றார். 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதி ஒட்டை ரோம் நீக்கியது. ஒடுக்கப்பட்டோரோடு சமமாகப் பழகியதும் அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். ஆக, ரோம் ஒரு புனிதரின் சாதிப் பெயரை எடுத்துவிட்டது. நம் பங்குகள் வரன் விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை எடுக்கவில்லை.

இரண்டு பக்கத்து ஆட்சேபங்கள்

முதலாவது, திருச்சபைக்குள்ளிருந்து வருவது: "இந்த நேரத்துல இதைப் பேசலாமா? வெளியே நம்மள அடிக்கிறாங்க."

அடிக்கிறார்கள், உண்மை. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் இரண்டு கேரளக் கன்னியர்களைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். ஸ்டேன் சுவாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். ஆனால் ஸ்டேன் சுவாமியை ஏன் சிறையில் வைத்தார்கள்? அவர் பூசை வைத்ததற்காகவா? விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களின் கணக்கைக் கேட்டதற்காக. அவர் செய்ததும் இளையோர் பணிதான். அதுதான் இளையோர் பணி. இந்துத்துவத்துக்குத் திருச்சபையின் தேர்பவனியைப் பார்த்து எந்தப் பயமும் இல்லை. சாதியை உடைக்கும் கிறிஸ்தவத்தைப் பார்த்துத்தான் பயம். மேலும், "மதம் மாறியும் உங்களுக்கு என்ன கிடைச்சது?" என்று தலித் கிறிஸ்தவனிடம் அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பது யார்? பேசும் நாமா, கல்லறையில் சுவர் கட்டியவர்களா?

இரண்டாவது ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்து வருவது: "தோழர், மதமே சாதியைக் காக்கத்தான். அந்தக் கோயிலை விட்டு வெளியே வாங்க. அங்க போய் எதுக்குச் சீர்திருத்தம்?"

மதம் மாறிய தீண்டப்படாதோரைச் சாதியிலிருந்து விடுவிக்கும் கடமையைக் கிறிஸ்தவத் திருச்சபை செய்யவில்லை என்று அம்பேத்கரே கடுமையாக எழுதியிருக்கிறார். அந்த விமர்சனம் இன்றும் நிற்கிறது. ஆனால் களத்தைப் பாருங்கள். மாதவரத்திலோ திருவொற்றியூரிலோ, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வெவ்வேறு சாதியைச் சேர்ந்த முப்பது நாற்பது பிள்ளைகள், ஆணும் பெண்ணும், ஒரே பாயில் உட்கார்ந்து பேசும் அறை வேறு எங்கே இருக்கிறது? நம் இயக்கக் கூட்டங்களுக்கு அத்தனை பதினேழு வயதுப் பிள்ளைகள் வருகிறார்களா? அந்த அறை ஏற்கெனவே இருக்கிறது. அதன் வாடகையை, மின்கட்டணத்தை, மைக் செட்டை நம் தாத்தா பாட்டிகள் உண்டியலில் போட்ட காசு கட்டியிருக்கிறது. திருச்சபையின் பெரும்பான்மை தலித்துகள் என்று ஆயர் பேரவையே எழுதிக் கொடுத்திருக்கிறது. நம் சொத்தை அவர்களிடம் விட்டுவிட்டு நாம் ஏன் வெளியே போக வேண்டும்? போக விரும்புகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இருக்கிறவர்கள் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே கேட்கக் கூடியவை இவை.

முதலில், ஆயர் பேரவையின் 2016 தலித் மேம்பாட்டுக் கொள்கையை இளையோர் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அது வெளியார் எழுதிய துண்டறிக்கை இல்லை, அவர்கள் கையெழுத்திட்ட ஆவணம். படிக்க மறுத்தால், ஏன் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகவும், நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகவும் இந்தியத் திருச்சபைகள் அறிவித்திருக்கின்றன. இந்த இரண்டு நாளும் உங்கள் பங்கின் காலண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இளைஞர் குழுவே எடுத்து நடத்தட்டும். திருவிழாவுக்குப் பத்து நாள் உழைக்கும் கைகளுக்கு இரண்டு நாள் பெரிய வேலையில்லை.

வரன் விண்ணப்பத்தில் இருக்கும் 'இனம்' என்ற கட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்யும் இணையருக்குப் பங்கு அலுவலகத்தில் தடை சொல்லக் கூடாது, மிரட்டல் வந்தால் காவல் நிலையம் வரை பங்கு கூட வர வேண்டும் என்று பங்குப்பேரவையில் தீர்மானம் கேளுங்கள். 1058-ஆம் விதியை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஞானஸ்நானச் சான்றும் புகைப்படமும் ஒரு பிள்ளையின் சான்றிதழைப் பறிக்கும் நாட்டில் வாழ்கிறோம். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் பொதுவில் ஏறக் கூடாது என்று விதி வையுங்கள். அதோடு நிறுத்தாமல், மூன்றாம் பத்தியை நீக்கும் போராட்டத்தில் இளையோர் பணிக்குழுவைப் பெயரோடு இறக்குங்கள்.

கடைசியாக, பங்குப்பேரவையில் இளைஞர்களுக்கு வாக்கோடு கூடிய இடம் வேண்டும். அந்த இடங்களில் தலித் பிள்ளைகளும், குறிப்பாகத் தலித் பெண் பிள்ளைகளும் இருக்க வேண்டும். தேர் தூக்கத் தெரிந்த தோளுக்கு, தேர் எந்தத் தெருவுக்கு வர வேண்டும் என்று சொல்லவும் தெரியும்.

இவற்றைக் கேட்டால் 'பிரிவினைவாதி' என்பார்கள், 'இயக்கக்காரன் தூண்டிவிட்டான்' என்பார்கள். கேட்டவரைப் பாடகர் குழுவிலிருந்து மெல்ல ஓரங்கட்டுவார்கள். தனியாகக் கேட்காதீர்கள், பத்துப் பேராகக் கேளுங்கள். ஆதிக்க சாதி வீடுகளிலிருந்து வரும் நண்பர்கள் முதல் ஆளாக வாய் திறக்கட்டும். அவர்களை வெளியே அனுப்புவது பங்குக்கு அத்தனை எளிதாக இருக்காது. எதற்கும் மசியவில்லையென்றால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது. அடுத்த கொடியேற்றத்துக்கு முந்தைய நாள், பந்தல் போடுவதற்கு முன்னால், இந்த ஐந்து கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதில் வந்த பிறகு கயிற்றைத் தொடலாம்.